ரோபோவைச் செய்த கை யாருடையது?

சென்னையில் மாணவர் ரோபோ போட்டிகளை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

பள்ளி மாணவர்களுக்கு ரோபோ போட்டி நடத்தும் கல்லூரிகள், பள்ளிகள், பயிற்சி மையங்கள், அங்கே நடுவர்களாக வந்து உட்காரும் பொறியாளர்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் வடசென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியர். கடைசி மணி அடித்த பிறகும் ஆய்வுக்கூடத்தைப் பூட்டாமல், ஆர்வமுள்ள பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு ரோபோ செய்துகொண்டிருப்பது என் ஒன்பது வருடப் பழக்கம். போட்டிகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கிறேன். சிலவற்றில் நடுவராகவும் இருந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து, அரங்கம் பிடித்து, இருநூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்து இவற்றை நடத்த எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த மரியாதையோடுதான் இதைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு நடந்த ஒரு போட்டியிலிருந்து தொடங்குகிறேன். எந்த இடம், யார் நடத்தியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

லைன் ஃபாலோயர் போட்டி. வெள்ளை ஃபிளெக்ஸில் கறுப்புக் கோடு, அதை விட்டு விலகாமல் சீக்கிரம் ஓடி முடிக்கும் ரோபோவுக்குப் பரிசு. எங்கள் அணியில் மூன்று பேர், மூவரும் எட்டாம் வகுப்பு. மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்கிய மஞ்சள் கியர் மோட்டார் இரண்டு, அகச்சிவப்பு சென்சார் ஐந்து, ரோபோவுக்கு மூளையாக ஆர்டுயினோ யூனோ என்ற சிறு கணினிப் பலகை ஒன்று, இரண்டு லித்தியம் செல். பரீட்சை அட்டையை அறுத்து அடித்தட்டு செய்திருந்தார்கள். காலை சோதனை ஓட்டத்தில் ரோபோ அழகாக ஓடியது. பதினொரு மணிக்குச் சிறப்பு விருந்தினர் வந்தார். வீடியோ நன்றாக வரவேண்டும் என்று இரண்டு பெரிய ஹாலஜன் விளக்குகளை டிராக்கின் மேல் திருப்பினார்கள். அதற்குப் பிறகு ஓடிய ரோபோக்களில் பாதி கோட்டை விட்டுத் தடுமாறின.

காரணம் உங்களுக்குத் தெரியும். அந்தச் சென்சார் அகச்சிவப்பு ஒளியைத் தரையில் அடித்து, திரும்பி வருவது எவ்வளவு என்று பார்த்துத்தான் கறுப்பா வெள்ளையா என்று முடிவு செய்கிறது. ஹாலஜன் விளக்கும் வெயிலும் அகச்சிவப்பைக் கொட்டுகின்றன. அந்த வெளிச்சத்தில் சென்சாருக்குக் கறுப்பும் வெள்ளை மாதிரிதான் தெரியும். எல்இடி விளக்கில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

எங்கள் அணியின் மாணவி தரையில் மண்டியிட்டு ரோபோவைப் பார்த்தாள். அப்புறம் தலையை நிமிர்த்தி விளக்கைப் பார்த்தாள். "சார், லைட்டு மாறிடுச்சு" என்றாள். நான் பதில் சொல்லக்கூடக் காத்திருக்கவில்லை. எங்கள் விளக்கப் பலகையின் ஓரத்தில் ஒட்டியிருந்த கறுப்புச் சார்ட் தாளைக் கிழித்து, சென்சாரைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்கவிட்டு டேப் போட்டாள். ரோபோ ஓடியது. நான்காவதாக வந்தது.

அடுத்தது நேர்காணல். எந்தக் கண்ட்ரோல் அல்காரிதம், அதாவது ரோபோவைத் திருப்ப எந்தக் கணக்குமுறை, பயன்படுத்தியிருக்கிறாய் என்று நடுவர் ஆங்கிலத்தில் கேட்டார். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுபடி கேட்டார், அதே ஆங்கிலத்தில், கொஞ்சம் சத்தமாக. அவள் தரையைப் பார்த்தாள். அவ்வளவுதான், அடுத்த அணி.

பஸ்ஸில் திரும்பும்போது, நிரலில் என்னம்மா எழுதியிருந்தாய் என்று கேட்டேன். "கோட்டை விட்டுக் கொஞ்சமா விலகினா கொஞ்சமா திருப்பணும், நிறைய விலகினா நிறைய திருப்பணும். அவ்ளோதான் சார்." இதற்குப் பெயர் ப்ரபோர்ஷனல் கண்ட்ரோல். ரோபோவை நெளியாமல் ஓட்டும் கணக்குமுறையைப் பி.ஐ.டி. என்று நாம் சொல்கிறோமே, அதில் முதல் எழுத்து குறிப்பது இதைத்தான். அந்தப் பெண் புத்தகத்தில் படிக்காமல், ரோபோ பாம்பு மாதிரி நெளிவதைப் பார்த்துப் பார்த்துத் தானாக அங்கே வந்து சேர்ந்திருந்தாள். பக்கத்து மேசையில் ஒரு பையன் அந்தக் கணக்குமுறைக்கு வேண்டிய கே.பி., கே.ஐ., கே.டி. என்ற மூன்று எண்களையும் சரளமாகச் சொன்னதை நான் கேட்டேன். அந்த மூன்று எண்களையும் தடுப்புக்கு வெளியே மடிக்கணினி வைத்துக்கொண்டு அவனுடைய பயிற்சியாளர் மாற்றிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன்.

அந்தப் பையன் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. இன்னொரு போட்டியில் நான் நடுவராக இருந்தபோது, அவனைப் போல ஒரு பிள்ளையிடம் அனுமதி கேட்டுவிட்டு ரோபோவிலிருந்து ஒரே ஒரு ஜம்பர் வயரை, பாகங்களை இணைக்கும் சின்னக் கம்பியை, கழற்றிக் கையில் கொடுத்தேன். "எங்கே இருந்ததோ அங்கேயே மாட்டிடுப்பா" என்றேன். அவன் திரும்பி அம்மாவைத் தேடினான். கண் கலங்கிவிட்டது. "அங்கிள், இது நான் பண்ணலை" என்றான் மெதுவாக. மாதக்கணக்கில் கட்டணம் கட்டி அந்த மையத்துக்குப் போய்வந்த பிள்ளை அவன். ரோபோ செய்யக் கற்றுத்தருகிறோம் என்று சொல்லி, செய்துமுடித்த ரோபோவை அவன் கையில் கொடுத்துவிட்டார்கள். இப்படி நடக்கும்போது எங்கள் பிள்ளைகள் இழப்பது ஒரு பரிசு. அவன் இழந்தது அதைவிடப் பெரிய ஒன்று.

நானும் இதைச் செய்தவன்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் மோட்டார் டிரைவர் பலகை கருகிவிட்டது. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து புதிதாகச் சாலிடர் செய்தேன். கையோடு நிரலையும் நாலைந்து இடத்தில் திருத்தினேன். மறுநாள் இரண்டாம் பரிசு. கேடயம் வாங்கிய பையன் மேடையிலிருந்து நேராக என்னிடம் வந்து அதை என் கையில் வைத்தான். "இது உங்களுக்குத்தான் சார், நீங்கதானே பண்ணீங்க." அவன் நன்றியாகத்தான் சொன்னான். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ரோபோ கெட்டுப்போயிருந்தால் கெட்டுப்போன ரோபோவோடு அவர்களைக் கூட்டிப் போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிள்ளைகளின் ரோபோவை நான் தொடுவதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழகுவதற்கே ஒரு வருடம் ஆயிற்று.

அதனால் பெற்றோரும் பயிற்சியாளர்களும் கெட்டவர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பிள்ளை தோற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது கஷ்டம். கையை நீட்ட வாய்ப்பிருந்தால் கை தானாக நீளும். அந்த வாய்ப்பை மூடுவது போட்டி நடத்துகிற உங்கள் கையில் இருக்கிறது.

செஸ்ஸில் நாம் இதை எப்போதோ சரிசெய்துவிட்டோம். இந்த ஊரில் வாரக் கடைசியில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்திலோ பள்ளியிலோ செஸ் போட்டி நடக்கிறது. முதல் நகர்வுக்கு முன் பெற்றோர், பயிற்சியாளர் எல்லோரும் கூடத்தை விட்டு வெளியே போக வேண்டும். மொபைல் உள்ளே போகாது. அப்பாக்களும் அம்மாக்களும் மரத்தடியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள், உள்ளே பிள்ளை தனியாகப் போராடும். யாரும் அதைக் கொடுமை என்று சொல்வதில்லை. அதே பெற்றோர்தான் ரோபோ போட்டிக்கும் வருகிறார்கள். இங்கே மட்டும் மேசை வரைக்கும் வந்து ஸ்குரூ டிரைவரைப் பிடிக்க ஏன் விடுகிறோம்?

வெளிநாட்டிலும் இது பெரிய தலைவலியாகத்தான் இருந்திருக்கிறது, அங்கே எப்படிச் சமாளித்தார்கள் என்பதில் நாம் எடுத்துக்கொள்ள நிறைய உண்டு. 2004-இல் தொடங்கிய உலக ரோபோ ஒலிம்பியாட்டில் பல ஆண்டுகள் ஒரு விதி இருந்தது. ரோபோவைப் பிரித்து, துண்டு துண்டாகக் கொண்டு வர வேண்டும். குறிப்புத் தாள் கிடையாது. பயிற்சியாளர் வெளியே. கொடுத்த நேரத்துக்குள் பிள்ளைகளே உட்கார்ந்து கட்ட வேண்டும். அன்று காலைதான் ஒரு புதுச் சவாலையும் அறிவிப்பார்கள், வீட்டில் யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாத ஒன்று. 2016-இல் அதன் உலக இறுதிப்போட்டி டெல்லியிலேயே நடந்தது, ஆகவே இந்த நாட்டுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. வெக்ஸ் என்ற பன்னாட்டு மாணவர் ரோபோ போட்டிகளில் ரோபோவை வடிவமைப்பதும் கட்டுவதும் நிரல் எழுதுவதும் மாணவர்களே என்று தனியாக ஒரு கொள்கையே எழுதிவைத்திருக்கிறார்கள்.

லெகோ துண்டுகளால் கட்டிய ரோபோக்கள் ஓடும் ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டியில் ரோபோ மேசை மேல் எடுக்கும் புள்ளி மொத்த மதிப்பீட்டில் கால் பங்குதான். ரோபோவை எப்படி யோசித்து வடிவமைத்தார்கள், ஒரு சமூகப் பிரச்சினைக்கு என்ன தீர்வு கண்டார்கள், ஒருவரோடு ஒருவர் எப்படி நடந்துகொண்டார்கள் என்பவை மற்ற மூன்று கால் பங்குகள். இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். ஸ்டாப்வாட்ச் காட்டும் நேரத்தில் பாரபட்சம் இல்லை, ஆனால் அந்த நேரத்தைப் பணம் கொடுத்து வாங்கலாம். நேர்காணலில் நடுவரின் மனச்சாய்வு நுழையலாம், ஆனால் யார் செய்தது என்பது அங்கேதான் வெளியே வரும். ஒன்றை மட்டும் நம்பினால் அந்தப் பக்கத்து ஓட்டை வழியே எல்லாம் ஒழுகிவிடும். நம் ஊரில் பெரும்பாலும் நேரத்தை மட்டும் நம்புகிறோம், நேர்காணல் பேருக்கு இரண்டு நிமிடம்.

விதி போட்டால் மட்டும் நியாயம் வந்துவிடாது என்பதற்கு அவர்களிடமே ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பின் பெரிய போட்டி 1992-இல் 28 அணிகளோடு ஆரம்பித்தது. அதில் வெகுகாலம் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். ஆறு வாரம்தான் ரோபோ கட்டலாம். ஆறாவது வாரம் முடிந்ததும் ரோபோவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, எண் போட்ட முத்திரையால் பூட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு நினைத்தபோது திறக்க முடியாது. எல்லோருக்கும் ஒரே நேரம், இதைவிட நியாயம் வேறென்ன என்று தோன்றும். நடந்தது என்ன? வசதியான அணிகள் அதே மாதிரி இரண்டாவது ரோபோ ஒன்று கட்டிக்கொண்டன. ஒன்று உறைக்குள், இன்னொன்றில் தினமும் பயிற்சி. ஒரே ரோபோவுக்கே பணம் திரட்டிய அணிகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கடைசியில் 2020 பருவத்திலிருந்து அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். ஒரு விதி எழுதும்போது, இது யாருடைய பாக்கெட்டுக்குச் சாதகம் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் போட்டிகளில் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டால் முதலில் நிற்பது பயிற்சி டிராக். ஒரு போட்டியின் விதிமுறைத் தாள் எங்கள் கைக்கு வந்தது பத்து நாளுக்கு முன்பு. அந்தப் போட்டியை நடத்திய மையத்தில் படிக்கும் பிள்ளைகள், ஏறக்குறைய அதே வளைவுகள் கொண்ட டிராக்கில் இரண்டு மாதமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. யாரும் சதி செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. டிராக் வரைந்தவரே அங்கே வகுப்பும் எடுக்கிறார், தன் வகுப்பில் தனக்குப் பிடித்த வளைவுகளைத்தான் வரைவார். ஆனால் பயிற்சி கொடுப்பவர், போட்டி நடத்துபவர், நடுவரை அழைப்பவர் மூவரும் ஒரே ஆளாக இருக்கும்போது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வெளியிலிருந்து வரும் பிள்ளைக்கு நம்பிக்கை வராது. உங்கள் மாணவர்கள் கலந்துகொள்ளட்டும். அவர்களுக்கு மதிப்பெண் போட மட்டும் வெளியாட்களை வையுங்கள். டிராக்கின் படத்தை எல்லோருக்கும் ஒரே நாளில் வெளியிடுங்கள், குறைந்தது ஆறு வாரத்துக்கு முன். வெளியிட முடியாது, அது ரகசியம் என்றால் எல்லோருக்கும் ரகசியமாக இருக்கட்டும்.

முடிந்தால் இன்னொன்று. டிராக் ஃபிளெக்ஸ் ஒன்றைக் கூடுதலாக அச்சடித்து, எல்லோரும் போகக்கூடிய இடத்தில் இரண்டு வாரம் விரித்துவைக்க அனுமதி கேட்டுப் பாருங்கள். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. வடக்கே ஏதாவது ஒரு மாநகராட்சிப் பள்ளிக் கூடம் கிடைத்தால் இன்னும் நல்லது. தெற்கே வருவதற்கு எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நாள் போய்விடுகிறது.

சிறு விஷயம் மாதிரி தெரிந்தாலும் ஓடும் வரிசையும் முக்கியம். இரண்டு லித்தியம் செல் முழுதாகச் சார்ஜ் ஆனால் 8.4 வோல்ட். ஓட ஓட 7.4-க்கு இறங்கும். மோட்டாரின் வேகமும் கூடவே இறங்கும், காலையில் சரியாக வைத்த எண்கள் மதியம் தப்பாகிவிடும். மாற்றுப் பேட்டரி ஒரு செட் வைத்திருக்கும் அணிக்கு இது தெரியவே தெரியாது. ஒரே செட் வைத்திருக்கும் அணி, காலை பத்து மணிக்குத் தயாராகி மாலை நான்கு வரை காத்திருந்தால் தோற்றுப்போகும். சார்ஜ் போட ஒரு பிளக் பாயிண்ட் கொடுங்கள், ஓடும் நேரத்தை முன்பே சொல்லிவிடுங்கள். இதற்குச் செலவே கிடையாது.

செலவு என்றால், கிட், அதாவது ரோபோவுக்கு வேண்டிய எல்லாப் பாகங்களும் சேர்ந்து வரும் பெட்டி. வெளிநாட்டு கிட் ஒன்றின் விலைக்கு எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் ஒரு மாதத்துக்கும் மேல் குடும்பம் நடக்கும். ஆர்டுயினோ அணியையும் அந்த கிட் அணியையும் ஒரே வரிசையில் நிறுத்தி நேரம் பார்க்கிறோம். ஐஐடி பம்பாயின் இ-யந்த்ரா போட்டியில் தேர்வாகும் கல்லூரி அணிகளுக்கு ஒரே மாதிரி கிட்டை அவர்களே அனுப்பிவைத்திருக்கிறார்கள். அதே பொருள், அதே சவால், மிச்சமெல்லாம் மூளை. பள்ளி அளவில் அவ்வளவு செலவு செய்யச் சொல்லவில்லை. "இந்தப் பிரிவில் ரோபோவின் மொத்தப் பொருள் செலவு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது" என்று ஒரு வரி எழுதி, ரிச்சி தெரு விலையை அளவுகோலாக வைத்தால் போதும். கேரம் நினைவுக்கு வருகிறது. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் வடசென்னையின் காசிமா தங்கம் வென்று வந்தார், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அந்த விளையாட்டில் பலகையின் அளவு எல்லோருக்கும் ஒன்று, காய் ஒன்று, குழி ஒன்று. அதனால்தான் எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் உலக மேடை வரை நேராகப் போக முடிந்தது.

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்குத் தனிப் பிரிவு, தனிப் பரிசு என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை முழு மனதாக ஆதரிப்பவன் நான். அங்கே கிடைப்பது ஒரு படிப்பு, ஒரு வாழ்க்கை. பன்னிரண்டு வருட ஏற்றத்தாழ்வை ஒரு தேர்வு கண்டுகொள்ளாமல் போகும்போது வேறு வழியில் ஈடுகட்டத்தான் வேண்டும். ரோபோ போட்டியின் கதை வேறு. ஒருமுறை இந்தத் தனிப் பிரிவு யோசனையைப் பிள்ளைகளிடம் சொன்னேன். "அப்போ அந்தப் பெரிய ஸ்கூலோட நாங்க மோத முடியாதா சார்?" என்று ஒருவன் முகம் வாடிக் கேட்டான். அவர்களுக்கு வேண்டியது எளிதான எதிரணி இல்லை. டிராக், நேரம், பேட்டரி, மொழி இவை சமமாக இருந்தால் போதும். பதிவுக் கட்டணத்தில் சலுகை கொடுங்கள், கேட்டு வாங்கிக்கொள்கிறேன். களம் மட்டும் எல்லோருக்கும் ஒரே களமாக இருக்கட்டும்.

இன்னொரு யோசனையும் அடிக்கடி வருகிறது. போட்டியால்தான் இவ்வளவு பிரச்சினை, தரவரிசையே வேண்டாம், எல்லோருக்கும் மெடல் கொடுத்துக் கண்காட்சியாக நடத்தலாம் என்று. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் வீட்டு அலமாரிகளில் கலந்துகொண்டதற்கான சர்டிபிகேட் நிறைய இருக்கிறது, அதைப் பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தோற்றுவிட்டு வந்த அந்த வாரம்தான் அவர்கள் ஆய்வுக்கூடத்துக்கு அரை மணி முன்னதாக வருவார்கள். ஏன் தோற்றோம் என்று அவர்களுக்குள் நடக்கும் சண்டையில் கற்றுக்கொள்ளும் அளவுக்கு என் வகுப்பில் அவர்கள் கற்பதில்லை. அதை எடுத்துவிடாதீர்கள். போட்டியை இன்னும் கடினமாக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். பெரியவர்களின் பணமும் கையும் எட்டாத அளவுக்குக் கடினமாக.

எட்டாத இடம் எதுவென்றால், அந்த நேரத்தில் அங்கே நடப்பது. இறுதிச் சுற்றுக்கு முன் டிராக்கில் ஒரு வளைவை மாற்றுங்கள். கோட்டில் ஓர் இடைவெளி விடுங்கள். அரை மணி நேரம் கொடுத்து, பெரியவர்களை வெளியே நிறுத்திவிட்டு, பிள்ளைகளே நிரலைத் திருத்தட்டும். அப்புறம் அந்த ஜம்பர் வயர் வேலையை எல்லா அணிக்கும் செய்யுங்கள், முன்பே சொல்லிவிட்டு. ஒரு வயரைக் கழற்றி, எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நிரலில் ஒரு வரியைக் காட்டி, இதை எடுத்துவிட்டால் ரோபோ என்ன செய்யும் என்று கேளுங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் லைன் ஃபாலோயர் நிரல் முழுதாக வந்துவிடுகிறது, இன்னும் இரண்டு வருடத்தில் எல்லா அணியின் நிரலும் ஒரே மாதிரி இருக்கும். தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். புரிந்துதான் வைத்திருக்கிறாயா என்பதை இந்த ஒரு கேள்வி காட்டிவிடும். கேட்கும்போது மூவரில் பேசாமல் நிற்பவரிடம் கேளுங்கள். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் சேர்ந்த அணிகளில் பெண்ணிடம் சார்ட்டைக் கொடுத்துப் பேசவிட்டு, ஸ்குரூ டிரைவரைப் பையன்கள் வைத்துக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். என் அணிகளிலும் நடந்திருக்கிறது.

இனி மொழி. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

நடுவர்களாக வருபவர்களில் பெரும்பாலானோர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். டீ இடைவேளையில் என்னோடு தமிழில்தான் பேசுகிறார்கள். மதிப்பெண் தாளைக் கையில் எடுத்ததும் ஆங்கிலம் வந்துவிடுகிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, பொறியியல் கல்லூரியில் படித்த பழக்கம். ஆனால் எதிரே நிற்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வி புரிவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. சென்சார், மோட்டார், பேட்டரி, வோல்ட் எல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொற்கள்தான், தினமும் வாயில் புழங்குபவை. "ஏன் இப்படி வளையுது?" என்று கேட்டால் பத்து நிமிடம் பேசுவார்கள். அந்த மாணவியிடம் அன்றைக்கு அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் தமிழில் கேட்கும் நடுவர் ஒருவராவது இருக்கட்டும். பதில் எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்லலாம், மொழிக்கு மதிப்பெண் இல்லை என்று விதிமுறைத் தாளிலேயே எழுதுங்கள். அந்தத் தாளையும் தமிழில் கொடுங்கள்.

மதிப்பெண் தாளைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்பதும் என் வேண்டுகோள். ஃபர்ஸ்ட் லெகோ லீக்கில் எது நன்றாக இருந்தது, எதை மேம்படுத்தலாம் என்று நடுவர் எழுதிய தாள் அணியிடமே வந்துசேரும். இங்கே எங்களுக்கு வருவது சர்டிபிகேட் மட்டும், அதிலும் சில சமயம் பெயர் தப்பாக. ஏன் குறைந்தது என்று தெரியாமல் பிள்ளைகள் தாங்களாகவே ஒரு காரணத்தை முடிவு செய்துகொள்கிறார்கள். "நம்ம ஸ்கூல் பேரைப் பார்த்துட்டு போடலை சார்" என்று ஒருவன் சொன்னபோது, இல்லை என்று மறுக்க என்னிடம் ஒரு தாள்கூட இல்லை.

இதையெல்லாம் இப்போதே பேசக் காரணம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் கையால் செய்து பழக மத்திய அரசு 2016-இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறார்கள். அடுத்த ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 ஆய்வகங்கள் என்று 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் வானவில் மன்றம் என்ற மாநில அரசுத் திட்டம் ஆறிலிருந்து எட்டாம் வகுப்பு வரை உள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் பரிசோதனைகளை எடுத்துப் போகிறது. ஆகவே உங்கள் அரங்கத்துக்கு வரும் பிள்ளைகளின் கூட்டம் மாறப்போகிறது. முதல் முறை வரும் பிள்ளை, பக்கத்து மேசையில் பயிற்சியாளர் ரோபோ கட்டுவதைப் பார்த்துவிட்டுப் போனால், அடுத்த வருடம் வராது. எங்கள் பள்ளியிலேயே அப்படி நின்றுபோன இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன் கை வேலையில் கெட்டிக்காரன், பத்தாம் வகுப்பில் இருக்கிறான். ஆய்வுக்கூடத்தின் வாசல் வரை வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவான்.

எம்.ஐ.டி. பேராசிரியராக இருந்த உட்டி ஃப்ளவர்ஸ் ஃபர்ஸ்ட் போட்டிகளுக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். களத்தில் விட்டுக்கொடுக்காமல் மோது, எதிரணிக்கு ஸ்பேனர் வேண்டுமென்றால் உன்னுடையதை எடுத்துக் கொடு என்பதுதான் அதன் சாரம். நம் ஊரில் இதைப் பார்க்காமல் இல்லை. அன்றைக்கு எங்கள் மாணவி மிச்சக் கறுப்புத் தாளைக் கிழித்து, தடுமாறிக்கொண்டிருந்த இன்னோர் அணிக்குக் கொடுத்தாள். அவர்கள் மூன்றாவதாக வந்தார்கள், எங்களுக்கு ஒரு படி மேலே. அதைப் பற்றி அவள் வருத்தப்படவில்லை. நேர்காணலைப் பற்றித்தான் வருத்தப்பட்டாள்.

என்னால் முடிந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் விதிமுறைத் தாளை அனுப்பினால் ஒரு வாரத்துக்குள் தமிழில் எழுதித் தருகிறேன். நடுவர் வேண்டுமென்றால் வருகிறேன், எங்கள் பள்ளி கலந்துகொள்ளாத பிரிவில். தமிழில் கேள்வி கேட்கத் தயாராக இருக்கும் ஆசிரியர்கள் இன்னும் நான்கைந்து பேரை எனக்குத் தெரியும், அவர்களையும் கூட்டி வருகிறேன். இதற்குப் பணம் எதுவும் வேண்டாம். எங்கள் ஆய்வுக்கூடத்துத் தரை பெரியது. பயிற்சி டிராக்கை அங்கே விரித்துவைக்கத் தலைமையாசிரியர் சம்மதம் சொல்லிவிட்டார். சனிக்கிழமைகளில் எந்தப் பள்ளிப் பிள்ளையும் வந்து ஓட்டிப் பார்க்கலாம், பயிற்சி மையத்துப் பிள்ளைகளும்தான்.

அந்த மாணவி இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஐந்து சென்சாரை எட்டாக்கியிருக்கிறாள். ஒவ்வொன்றும் காலையில் என்ன அளவு காட்டுகிறது, மதிய வெயிலில் என்ன காட்டுகிறது, சாயங்காலம் என்ன என்று ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள். கறுப்புச் சார்ட் தாள் ஒரு சுருள் பையிலேயே இருக்கிறது. அடுத்த போட்டிக்கு வருகிறோம். விளக்குகளை எங்கே வைப்பீர்கள் என்பதை மட்டும் எல்லா அணிக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
வடசென்னையிலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியர்